பயிருக்கு நோய் கொடுக்கும் வயல்

வயலில் பயிருக்கு நோய் வந்தால் நாம் என்ன செய்வோம்? மனம் பதறும். பக்கத்து வயல்காரரிடம் யோசனை கேட்போம். கடன் வாங்கியாவது மருந்து அடிப்போம். நோய் வரவே கூடாது என்றுதான் எந்த விவசாயியும் நினைப்பார்.

தில்லியில் ஒரு வயல் இருக்கிறது. அங்கே நடப்பது வேறு. நல்ல பச்சைப் பசேல் என்று கோதுமை வளர்ந்து நிற்கும். மாலை நேரத்தில் சிலர் கைத்தெளிப்பானோடு வருவார்கள். அந்தத் தெளிப்பானில் இருப்பது பூச்சி மருந்து அல்ல. நோய்க் கிருமி கலந்த தண்ணீர். அதைப் பயிரின் மேல் தெளிப்பார்கள். அடுத்த சில நாட்களுக்கு வயல் காயாமல் பார்த்துக்கொள்வார்கள். ஈரம் இருந்தால்தானே நோய் நன்றாகப் பிடிக்கும்! இரண்டு வாரம் கழித்து வந்து பார்ப்பார்கள். நோய் வந்திருந்தால் அவர்களுக்கு நிம்மதி. வராவிட்டால் கவலை.

இது என்ன வேலை என்று தோன்றுகிறதா? இந்த வேலையால்தான் நாம் சாப்பிடும் சப்பாத்திக்குக் கோதுமை கிடைக்கிறது. நெல்லுக்கும் இதே போன்ற வேலை நடக்கிறது.

புசா என்ற பெயர்

தில்லியில் கரோல் பாக் என்று ஒரு பகுதி உண்டு. கடைத்தெருக்கள் நிறைந்த இடம். அதை ஒட்டிப் போகும் பெரிய சாலைக்குப் புசா ரோடு என்று பெயர். இப்போது அந்தச் சாலைக்கு மேலே பாலம் கட்டி மெட்ரோ ரயில் ஓடுகிறது. அங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்க் குழந்தைகள் பலர் அதில் படித்திருக்கிறார்கள்.

மேற்கே போனால் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வரும். தில்லிக்காரர்கள் அதைச் சுருக்கமாகப் 'புசா' என்பார்கள். சாலைக்கும் அந்தப் பெயர்தான். சுமார் 1250 ஏக்கர் பரப்பு. இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவில் கோதுமையும் நெல்லும் கடுகும் விளையும் நிலம் இருப்பது பலருக்கும் தெரியாது.

உண்மையில் புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். ஆராய்ச்சி நிலையம் 1905-ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் அதற்கு நன்கொடை கொடுத்தார். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. கட்டடம் இடிந்தது. 1936-இல் நிலையத்தைத் தில்லிக்கு மாற்றினார்கள். ஊர் மாறியும் பெயர் கூடவே வந்துவிட்டது. ஃபிப்ஸ் பெயரையும் அமெரிக்காவின் பெயரையும் சேர்த்துத்தான் 'புசா' என்று வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஃபிப்ஸ் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே அந்த ஊரில் கம்பெனிக்காரர்களின் குதிரைப் பண்ணை இருந்தது.

துரு பிடிக்கும் பயிர்

இரும்பில் துரு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோதுமைப் பயிரிலும் துரு பிடிக்கும். இலையிலும் தண்டிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். கொப்புளம் வெடித்தால் செங்கல் தூள் போல ஒரு பொடி கொட்டும். வயலுக்குள் நடந்தால் வேட்டியெல்லாம் அந்தப் பொடி ஒட்டிக்கொள்ளும்.

இது பூஞ்சாண நோய். காளான், ரொட்டியில் வரும் பூசணம் எல்லாம் எந்த இனமோ, அதே இனம்தான் இதுவும். அந்தப் பொடிதான் அதன் வித்து. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வித்து. ஒரு கொப்புளத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். வேறொரு கோதுமை இலையில் விழும். இலையில் பனி ஈரம் இருந்தால் முளைக்கும். உள்ளே புகுந்து இலையின் சத்தை உறிஞ்சும்.

பயிருக்குச் சமையல் நடப்பது இலையில். இலை பாழானால் மணிக்குச் சத்து போகாது. தண்டில் துரு வந்தால் தோல் கிழிந்துவிடும். அறுவடையின்போது கையில் கிடைப்பது சுருங்கிய மணி. உமியும் தவிடும் மிஞ்சும்.

கோதுமைத் துருவில் மூன்று வகை உண்டு. தண்டில் வருவது கருந்துரு. இலையில் புள்ளி புள்ளியாக வருவது பழுப்புத் துரு. இலையில் வரி வரியாக, மஞ்சள் தூளைத் தடவியதுபோல வருவது மஞ்சள் துரு. 1946-47-ஆம் ஆண்டில் மத்திய இந்தியாவில் கருந்துரு கோதுமையை அழித்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் டன் நட்டம் என்று கணக்கிட்டார்கள். வங்காளத்தில் பஞ்சம் வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ரேஷன் கடையில் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது.

மருந்து அடித்துத் துருவைக் கட்டுப்படுத்தலாம். இன்று அதற்கு மருந்து உண்டு. ஆனால் செலவு யாருடையது? காற்றில் வரும் நோய்க்கு எத்தனை ஏக்கரில் அடிப்பது? நோயைத் தானே தாங்கி நிற்கும் ரகம் கிடைத்தால் விவசாயிக்கு அந்தச் செலவே இல்லை. விதை வாங்கும்போதே பாதுகாப்பும் சேர்ந்து வந்துவிடும்.

தாங்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரு ரகத்தை விதைக்கிறோம். நோய் வரவில்லை. உடனே, 'இது நோய் தாங்கும் ரகம்' என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அந்த ஆண்டு மழை குறைவாக இருந்திருக்கலாம். பனி இல்லாமல் இருந்திருக்கலாம். காற்று வேறு பக்கம் அடித்திருக்கலாம். நோயே அந்தப் பக்கம் வராமல் போயிருக்கலாம். பயிர் தப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான். அது தாங்குமா தாங்காதா என்பது நமக்கு இன்னும் தெரியாது. அதை நம்பி ஊர் முழுக்க அந்த விதையைக் கொடுத்துவிட்டால், நோய் வரும் ஆண்டில் ஊர் முழுக்க அழியும்.

அதனால் நோய் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நோயைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

புசாவின் கோதுமை நோய் வயல் எப்படி இருக்கும்? சோதிக்க வேண்டிய விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சில ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வரிசை. ஒரு மீட்டர் நீளம் இருக்கலாம். வரிசையின் தலைப்பில் ஒரு சீட்டில் எண் எழுதிக் குத்தியிருப்பார்கள். இந்த வரிசைகளைச் சுற்றிலும், நடு நடுவிலும் வேறொரு கோதுமையை விதைப்பார்கள். அது சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகம். ஆக்ரா லோக்கல் என்பது அப்படி ஒரு பழைய ரகம். எந்தத் துரு வந்தாலும் அதற்குப் பிடித்துவிடும்.

முதலில் இந்த நோஞ்சான் ரகத்துக்குத்தான் நோய் கொடுப்பார்கள். துருப் பொடியைத் தண்ணீரில் கலப்பார்கள். டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசியால் தண்டுக்குள் ஏற்றுவார்கள். தெளிப்பான் வைத்து மாலையில் வயல் முழுதும் தெளிப்பதும் உண்டு. இரவுப் பனி உதவும். அடிக்கடி தண்ணீர் பாய்ச்சுவார்கள். நோஞ்சான் ரகத்தில் கொப்புளம் வெடித்ததும் காற்று தன் வேலையைச் செய்யும். பக்கத்து வரிசைகள் அத்தனைக்கும் நோய் போய்ச் சேரும்.

இந்த நோஞ்சான் ரகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் சாட்சி. ஆக்ரா லோக்கல் துரு பிடித்துச் சிவந்து போயிருந்தால், வயலில் நோய் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். அப்போது பக்கத்தில் பச்சையாக நிற்கும் வரிசையை நம்பலாம். ஆக்ரா லோக்கலும் பச்சையாக இருந்தால்? அந்த ஆண்டுச் சோதனை வீண். ஆறு மாத உழைப்பு போனது போனதுதான். அடுத்த குளிர்காலம் மறுபடி விதைக்க வேண்டும். நோய் வரவில்லை என்றால் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

பிறகு மதிப்பெண் போடும் வேலை. நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு வரிசையாக நடப்பார்கள். குனிந்து இலையைப் புரட்டிப் பார்ப்பார்கள். நூற்றில் எத்தனை பங்கு துரு மூடியிருக்கிறது என்று ஓர் எண். கொப்புளம் பெரிதா சிறிதா என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து. '80 எஸ்' என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு மூடிவிட்டது, கொப்புளமும் பெரிது, அந்த ரகம் நோய்க்குப் பணிந்துவிட்டது. 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் எதிர்த்து நிற்கிறது. ஒரு தடவை பார்த்தால் போதாது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். நோய் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கண்ணும் கையும் பழகிய ஆட்களுக்குத்தான் இந்த வேலை சரிப்படும்.

வயல் வேலை போதாதென்று கண்ணாடி வீட்டிலும் சோதனை உண்டு. தொட்டியில் ஒரு வாரத்து இளம் நாற்று. அதற்குத் துரு தடவி, ஈரமான கூண்டில் வைத்து, இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பார்கள். 0 முதல் 4 வரை மதிப்பெண். இங்கே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்தான் கெட்டிக்காரர்.

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு

வட இந்தியச் சமவெளியில் கோடையில் என்ன வெயில் அடிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வயலில் கோதுமையும் இருக்காது. துருப் பூஞ்சாணம் உயிருள்ள பயிரில் மட்டுமே வாழும். அந்த வெயிலில் அதன் வித்தும் செத்துவிடும். அப்படி இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் துரு திரும்ப வருகிறது. எங்கிருந்து வருகிறது?

ஆக்ரா கல்லூரியில் கே.சி. மேத்தா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1920-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியின் பின்னால் அலைந்தார். மலை மலையாக ஏறினார். விடை மலையில்தான் இருந்தது. இமயமலையிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் குளிர்ச்சி இருக்கிறது. அங்கே கோடையிலும் கோதுமைச் செடிகள் இருந்தன. துரு அவற்றில் தங்கி உயிர் பிழைக்கிறது. குளிர்காலம் வந்ததும் காற்றில் ஏறிச் சமவெளிக்கு இறங்குகிறது.

கருந்துருவின் கதை இன்னும் வியப்பானது. 1970-களில் புசாவில் வேலை செய்த ஜோஷி, நாகராஜன் முதலிய விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களை வைத்துப் பார்த்தார்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் உருவாகும். நமக்கு மழை தரும் அதே புயல்தான். அந்தக் காற்று நீலகிரியிலிருந்து துரு வித்துக்களைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறது. மத்திய இந்தியாவில் மழை பெய்யும்போது வித்துக்களும் மழையோடு கோதுமை மேல் இறங்குகின்றன. குன்னூர்ப் பக்கத்தில் கிளம்பிய துரு மத்தியப் பிரதேசத்து விவசாயியின் வயலில் போய் இறங்குகிறது!

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது. ராணுவ முகாம் உள்ள ஊர் என்று பலருக்கும் தெரியும். அங்கே புசா நிறுவனத்தின் கிளை ஒன்று 1954-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. துரு ஆண்டு முழுதும் தானாகவே கிடைக்கும் ஊர். அதனால் கோதுமையைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. தில்லியில் ஏப்ரலில் அறுவடையாகும் விதையை மே மாதம் வெலிங்டனில் விதைப்பார்கள். நவம்பரில் தில்லியில் விதைப்பதற்கு முன்பு அந்த விதை முற்றித் திரும்பிவிடும். ஒரே ஆண்டில் இரண்டு பயிர், இரண்டு சோதனை. ஒரு புது ரகம் உருவாகப் பத்து ஆண்டு வரை ஆகும் என்னும்போது, இப்படி மிச்சமாகும் காலம் பெரியது.

சி 306 என்று ஒரு பழைய கோதுமை. சப்பாத்திக்கு அதுபோல் மாவு இல்லை என்பார்கள். ஆனால் துரு தாங்காது. வெலிங்டனில் அதை ஒரு காட்டுப் புல்லின் தாங்கும் சக்தி ஏறிய கோதுமையோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையை மறுபடி சி 306-உடனேயே சேர்த்தார்கள். இப்படித் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் நோய் கொடுத்துப் பார்த்துத் தாங்கியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் மாவு பழைய சி 306 மாவாகவே இருந்தது. துரு மட்டும் பிடிக்கவில்லை. அந்த ரகத்துக்கு எச்.டபிள்யூ. 2004 என்று பெயர்.

நோயும் சும்மா இருப்பதில்லை

மூன்று துருவையும் தாங்கும் கோதுமையை முதலில் கொடுத்தவர் புசாவின் பி.பி. பால். ரோஜாச் செடி வளர்ப்பதிலும் பெயர் பெற்ற மனிதர். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1954-இல் என்.பி. 809 என்ற ரகத்தை வெளியிட்டார். அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை.

ரகத்தின் தாங்கும் சக்தியைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சாணத்திடம் சாவி இல்லை. கதவு திறக்காது. ஆனால் பூஞ்சாணம் கோடிக் கோடியாகப் பெருகும். அதில் எங்கோ ஒன்று கொஞ்சம் மாறிப் பிறக்கும். அதன் சாவி பூட்டுக்குப் பொருந்திவிட்டால் கதை முடிந்தது. நாடு முழுக்க ஒரே பூட்டு போட்டிருந்தால், அந்த ஒரு சாவியே எல்லா வீட்டையும் திறந்துவிடும்.

இது உண்மையில் நடந்தது. பசுமைப் புரட்சியின்போது புசாவின் இயக்குநராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1967-இல் கல்யாண் சோனா என்ற குட்டைக் கோதுமை வந்தது. விளைச்சலைப் பார்த்து எல்லாரும் அதையே விதைத்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே பழுப்புத் துரு அதைப் பிடித்துக்கொண்டது. 1995-இல் பஞ்சாபிலிருந்து பி.பி.டபிள்யூ. 343 வந்தது. அதையும் லட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்தார்கள். சில ஆண்டுகளில் அதை வெல்லும் மஞ்சள் துரு தோன்றியது. 2010-11 பருவத்தில் பஞ்சாப், அரியானா, இமாசலப் பிரதேசத்தில் மஞ்சள் துரு பரவியது. 2011-இல் புசா எச்.டி. 2967-ஐக் கொடுத்தது. மஞ்சள் துருவைத் தாங்கியது. நாட்டிலேயே அதிகம் விதைக்கப்படும் கோதுமை ஆனது. இன்று அதற்கும் மஞ்சள் துரு வருகிறது.

விஞ்ஞானி தப்பு செய்துவிட்டார் என்று இதைச் சொல்ல முடியாது. சோதித்தபோது அந்த ரகம் உண்மையாகவே தாங்கியது. பிறகு நோய் மாறிவிட்டது. ஆகவே ஒரு ரகத்தை வெளியிட்ட பிறகும் அதை நோய் வயலில் விதைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பூட்டு இன்னும் நிற்கிறது, எது போய்விட்டது என்று அப்போதுதான் தெரியும். ஒரே ரகத்தை ஊர் முழுதும் போடாமல் இரண்டு மூன்று ரகங்களாகப் போடச் சொல்வதும் இதனால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ரகங்கள் நோயை அடியோடு தடுப்பதில்லை. துரு வரும். ஆனால் மெல்ல வரும். மணி முற்றும் வரை பாதி இலைகூடப் போகாது. விளைச்சல் அதிகம் குறையாது. பார்வைக்கு இவை சுத்தமாக இருக்காது. ஆனால் இந்தச் சக்தி ஒரு பூட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. பல சின்னச் சின்னத் தடைகள் சேர்ந்தது. நோய் அவ்வளவு எளிதில் மாறி ஜெயிக்க முடியாது. என் கருத்தில், இலையில் நாலு புள்ளி பார்த்ததும் ஒரு ரகத்தை ஒதுக்குவது சரியல்ல. விளைச்சலை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நெல்லுக்குக் கத்தரிக்கோல்

நெல் விவசாயிக்குத் துருவைவிடக் குலைநோயும் பாக்டீரியா இலைக்கருகலும்தான் நன்றாகத் தெரியும். குலைநோயில் இலையில் கண் வடிவத்தில் புள்ளி வரும். கழுத்தில் வந்தால் கதிர் ஒடிந்து பதராகும். யூரியா அதிகம் போட்டால் குலைநோய் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். சோதனைக்காரர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். நாற்றங்காலில் நாற்றை நெருக்கமாக வளர்த்து, தழைச்சத்தை வேண்டுமென்றே அதிகம் போடுவார்கள். சுற்றிலும் நோய் பிடிக்கும் ரகம். இரவில் ஈரம். இப்படிக் குலைநோயை விருந்துக்கு அழைப்பதுபோல் அழைப்பார்கள்.

இந்த நோய்க்கு எதிரான வேலை நம் ஊரில் மிகப் பழையது. கோவையில் கோ 4 என்ற நெல் ரகம் குலைநோயைத் தாங்கியது. ஆடுதுறை 10 தாங்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கோ 25 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய காலம் அது.

இலைக்கருகலுக்கு வேறு சோதனை. இது பாக்டீரியாவால் வருவது. இலையின் நுனியிலிருந்து ஓரமாக வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே வரும். பாக்டீரியா கலந்த தண்ணீரில் கத்தரிக்கோலை நனைப்பார்கள். நெல் இலையின் நுனியை வெட்டுவார்கள். காயத்தின் வழியே கிருமி உள்ளே போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். காய்ந்த பகுதி பல சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அந்த ரகம் தோற்றது. வெட்டிய இடத்திலேயே நின்றிருந்தால் ஜெயித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய அளவு எளிய சோதனை. ஆனால் பெரிய பெரிய முடிவுகள் இதை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன.

அப்படி ஒரு சோதனையில் அகப்பட்டதுதான் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல். அதைச் சமைத்துச் சாப்பிட யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் ஒரிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்தபோது இலைக்கருகல் அதை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சக்தியைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பயிர் நெல்லுக்கு மாற்றியது. அங்கிருந்து அது புசாவின் பாசுமதிக்கு வந்தது. 2007-இல் மேம்படுத்தப்பட்ட புசா பாசுமதி 1 வெளியானது. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204-க்கும் அதே சக்தியை ஐதராபாத்தில் ஏற்றினார்கள். 2008-இல் அது மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியாக வந்தது.

பாசுமதி விவசாயிக்கு இன்னொரு நெருக்கடியும் வந்தது. குலைநோய்க்கு ட்ரைசைக்ளசோல் என்ற மருந்தை அடித்துவந்தார்கள். 2018 முதல் ஐரோப்பிய நாடுகள் அதற்குக் கடுமையான அளவு வைத்தன. ஒரு கிலோ அரிசியில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டன் அரிசிக்குப் பத்து மில்லிகிராம்! ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. மீறினால் அரிசியை வாங்க மாட்டார்கள். மருந்து அடித்தால் விற்காது. அடிக்காவிட்டால் விளையாது. விவசாயி எங்கே போவார்? 2021-இல் புசா மூன்று ரகங்களைக் கொடுத்தது. புசா பாசுமதி 1847, 1885, 1886. மூன்றும் குலைநோயையும் இலைக்கருகலையும் தாங்குபவை.

இந்த ரகங்களை உருவாக்கும்போது இலையில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, தாங்கும் சக்தியின் அடையாளம் உள்ளே இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். இதனால் காலம் மிச்சமாகிறது. ஆனாலும் கடைசியில் அந்தச் செடியும் நோய் வயலில் நின்று காட்ட வேண்டும். கத்தரிக்கோல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வராத நோய்க்கும் சோதனை

2016-ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் கோதுமைக்குக் குலைநோய் வந்தது. தென் அமெரிக்காவில் மட்டும் இருந்த நோய் அது. மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் இருக்கும் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமை விதைக்க வேண்டாம் என்று அரசு நிறுத்திவைத்தது. அந்த நோயை இங்கே கொண்டுவந்து சோதிக்க முடியாது. நெருப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது போலாகிவிடும். ஆகவே விதை வெளிநாடு போனது. நம் கோதுமை ரகங்களைத் தென் அமெரிக்காவின் பொலிவியாவிலும், வங்காளதேசத்தின் ஜெசூரிலும் விதைத்துப் பார்த்தார்கள். தாங்கிய ரகங்களை எல்லையோரம் விதைக்கச் சிபாரிசு செய்தார்கள்.

ஒரு காகிதக் கவர்

நோய் மாறிவிட்டதா என்பது முதலில் யாருக்குத் தெரியும்? வயலில் நிற்பவருக்குத்தான். 'தாங்கும்' என்று சொல்லிக் கொடுத்த ரகத்தில் புள்ளியோ துருவோ தெரிந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் எந்த நோய் என்று பாருங்கள். துருவைத் தாங்கும் ரகம் கரிப்பூட்டையைத் தாங்க வேண்டும் என்பது இல்லை. ஒரு நோய்க்கு மட்டும் சோதித்த ரகம் அந்த ஒரு நோய்க்குத்தான் பொறுப்பு. விதை வாங்கும்போதே, 'இது எந்த நோயைத் தாங்கும்?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'எல்லா நோயும் தாங்கும்' என்று கடைக்காரர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிறகு நோய் கண்ட இலைகள் சிலவற்றைப் பறியுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் கொஞ்சம் உலர விடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம். வியர்த்து அழுகிவிடும். காகிதக் கவரில் போடுங்கள். கவரின் மேல் உங்கள் கையாலேயே நான்கு விஷயம் எழுதுங்கள்: ரகத்தின் பெயர், ஊர், விதைத்த தேதி, இலை பறித்த தேதி. வேளாண்மை அலுவலகத்தில் கொடுங்கள்.

கோதுமைத் துரு கண்ட இலைகள் இப்படித்தான் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் காகிதக் கவரில் சிம்லாவுக்குப் போகின்றன. அங்கே ஃபிளவர்டேல் என்ற இடத்தில், மேத்தா காலத்திலிருந்து நடக்கும் துரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கவரைப் பிரித்து, இலையில் உள்ள பொடியை எடுத்து, தொட்டியில் உள்ள இளம் நாற்றில் தடவுகிறார்கள். இது பழைய துருவா, மாறி வந்த புதுத் துருவா என்று பார்க்கிறார்கள். புதிது என்றால் அதற்கு எண் கொடுத்து, நாற்று மாற்றி நாற்று மாற்றி உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பொடி புசா போன்ற நிலையங்களுக்குப் போகிறது. அடுத்த குளிர்காலத்தில் நோய் வயலில் தெளிப்பது அதைத்தான்.